மோனோபோலி: பணப் பாடத்துக்கு எவ்வளவு தேறும்?

பள்ளியில் பணத்தைப் பற்றிச் சொல்லிக்கொடுக்க ஒரு விளையாட்டுப் பெட்டி வாங்கலாம் என்ற பேச்சு எழுந்தால், முதலில் அடிபடும் பெயர் மோனோபோலி: பகடை உருட்டி மனைகளை வாங்கி, அங்கே வந்து நிற்பவரிடம் வாடகை வாங்கும் பலகை விளையாட்டு. ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரையுள்ள மாணவர்களுக்கு அது உண்மையில் பயன்படுமா என்பதை மட்டும் இங்கே பார்க்கலாம். பொழுதுபோக்காக அது எப்படி என்பது வேறு கதை.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். சொத்து வைத்திருப்பதும் கையில் ரொக்கம் வைத்திருப்பதும் ஒன்றல்ல என்பதை இவ்வளவு பளிச்சென்று காட்டும் வகுப்பறைக் கருவி அரிது. கூட்டு வட்டி பெட்டிக்குள் இல்லை, நாம்தான் சேர்க்கவேண்டும். பணவீக்கம் பாதி இருக்கிறது, யாரும் கவனிப்பதில்லை. முதலீட்டைப் பல இடங்களில் பிரித்து வைப்பது பற்றியோ, இந்த விளையாட்டு நேர்மாறாகவே கற்றுத்தருகிறது.

வட்டி, பணவீக்கம், பிரித்து வைப்பது என்ற இந்த மூன்றையும் அளவுகோலாக எடுத்ததற்குக் காரணம் உண்டு. பொருளியலாளர்கள் அன்னமரியா லுசார்டியும் ஒலிவியா மிட்செலும் வகுத்த மூன்று கேள்விகள்தான் நிதி அறிவை அளக்க உலகெங்கும் பரவலாகப் பயன்படுகின்றன: வட்டி எப்படி வளரும், விலைவாசி ஏறினால் சேமிப்பின் வாங்கும் சக்தி என்னவாகும், ஒரே நிறுவனப் பங்கைவிட, பல நிறுவனப் பங்குகளைச் சேர்த்து வைக்கும் பரஸ்பர நிதி பாதுகாப்பானதா. ஒரு கருவி இந்த மூன்றில் எதையாவது மாணவர் மனதில் பதியவைக்கிறதா என்று கேட்டால் போதும், விளம்பர வாசகங்கள் எல்லாம் உதிர்ந்துவிடும்.

விதிப்புத்தகத்தைப் பிரித்துப் படியுங்கள்

பலகையில் 40 கட்டங்கள். அதில் வாங்கக்கூடியவை 28: மனைகள் 22, ரயில் நிலையங்கள் 4, மின்சாரம், தண்ணீர் என்று பொதுச் சேவை நிறுவனங்கள் 2. வீட்டுக் கட்டைகள் 32, ஹோட்டல் கட்டைகள் 12. ஒவ்வொருவருக்கும் தொடக்கப் பணம் 1500. தொடக்கக் கட்டத்தைத் தாண்டும்போதெல்லாம் 200 சம்பளம். எண்கள் எல்லாம் மூலப் பதிப்பின்படி. ஊர்ப் பெயர்கள் பதிப்புக்குப் பதிப்பு மாறும் என்பதால் மனைகளை நிறத்தால் குறிப்பிடுவதே தெளிவு.

சிக்கல் என்னவென்றால், இந்த விளையாட்டைப் பெரும்பாலோர் புத்தகத்தில் படித்துக் கற்பதில்லை, அண்ணன் அக்காவிடம் கற்கிறார்கள். அதனால் புத்தகத்தில் இல்லாத விதிகள் புகுந்துவிடுகின்றன, இருக்கும் விதிகள் விழுந்துவிடுகின்றன. பாடத்துக்கு அதிகம் கேடு செய்பவை இரண்டு. வரியும் அபராதமும் நடுவில் குவிந்து, இலவச நிறுத்துமிடக் கட்டத்தில் நிற்பவருக்கு மொத்தமாகப் போவது ஒன்று. புத்தகப்படி அந்தக் கட்டத்தில் எதுவுமே கிடைக்காது. வரி வங்கிக்குப் போய் அங்கேயே நிற்கவேண்டும். பணத்தை வெளியே எடுக்கும் ஒரு வடிகாலை அடைத்துவிட்டால் திவால் அரிதாகும், ஆட்டம் இழுத்துக்கொண்டே போகும், தவறான கணக்குக்குத் தண்டனையும் குறையும். இன்னொன்று, ஏலத்தைத் தவிர்ப்பது. ஒருவர் நின்ற மனையை அவர் வாங்க மறுத்தால் வங்கி அதை உடனே ஏலம் விடவேண்டும்; மறுத்தவரும் ஏலத்தில் கேட்கலாம். இந்த விதி போய்விட்டால், ஒரு பொருளின் விலையும் மதிப்பும் வேறு வேறு என்று காட்டும் முக்கியமான இடமும் போய்விடும்.

ஆக, முதல் வகுப்பில் முதல் பத்து நிமிடம் இதற்குத்தான். "எங்க வீட்ல இப்படித்தான் ஆடுவோம்" என்று கை தூக்குபவர்கள் நிச்சயம் இருப்பார்கள்.

சாகசமே ரொக்கத்தில்தான்

விளையாட்டை மட்டும் ஆடவிட்டால் மாணவர்கள் கற்பது குறைவு. பக்கத்தில் ஒரு கணக்குத்தாள் வேண்டும். ஆளுக்கு ஒரு தாள், ஆறு பத்திகள்: சுற்று எண் (எல்லோரும் ஒருமுறை உருட்டினால் ஒரு சுற்று), நிகழ்வு, வரவு, செலவு, ரொக்க இருப்பு, கடன். மூன்று சுற்றுக்கு ஒருமுறை தாளின் அடியில் இரண்டு கூட்டுத்தொகைகள். ஒன்று ஏட்டு மதிப்பு: ரொக்கம், மனைகளின் அச்சிட்ட விலை, வீடுகளுக்குச் செலவிட்ட தொகை இவற்றைக் கூட்டி, கடனைக் கழித்தால் வருவது. மற்றது அவசர மதிப்பு: இந்த நிமிடமே எல்லாவற்றையும் வங்கியிடம் காசாக்கினால் கையில் வருவது.

இரண்டுக்கும் இடையே விழும் பள்ளம்தான் பாடம். வீட்டை வங்கி பாதி விலைக்குத்தான் திரும்ப எடுக்கும். மனையை அடகு வைத்தால் அச்சிட்ட விலையில் பாதிதான் கிடைக்கும். எனவே 200 கொடுத்து மனை வாங்கினால் ஏட்டு மதிப்பு அசையாது, அவசர மதிப்பு 100 இறங்கும். முதல்முறை இதை எழுதும்போது மாணவர்கள் தடுமாறுவார்கள். வாங்கியதை "செலவு" என்று எழுதிவிட்டு ஏட்டு மதிப்பையும் குறைத்துவிடுவார்கள். ஏறக்குறைய எல்லோரும் செய்யும் பிழை இது. ரொக்கம் போன இடத்தில் சொத்து வந்து உட்கார்ந்திருக்கிறது என்று தாளிலேயே விரல் வைத்துக் காட்டவேண்டும். வாடகையோ வரியோ கொடுத்தால்தான் இரண்டு மதிப்புமே ஒரே அளவு இறங்கும்.

எல்லாத் தாளிலும் வரவேண்டிய உதாரணம் இது. ஒரு மாணவரிடம் ஆரஞ்சு மனைகள் மூன்றும் இருக்கின்றன. விலை 180, 180, 200, மொத்தம் 560. ஒவ்வொன்றிலும் மூன்று வீடுகள், வீடு 100 வீதம் 900. கையில் 40. ஏட்டு மதிப்பு 1500. மேசையிலேயே அவர்தான் பலசாலி என்று தோன்றும். பகடை உருண்டு, மூன்று வீடுள்ள ஒரு கருநீல மனையில் நிற்கிறார், வாடகை 1100. ஒன்பது வீடுகளையும் விற்றால் 450. அதன்பிறகே மனைகளை அடகு வைக்கமுடியும்: 90, 90, 100, ஆக 280. ரொக்கம் 40. எல்லாம் சேர்த்து 770. ஆள் திவால். ஏட்டில் 1500 வைத்திருந்தவர் 1100 கட்ட முடியாமல் வெளியேறுகிறார்.

நிறுவனங்கள் லாபம் காட்டிக்கொண்டே மூழ்குவதும், வீடு நிலம் என்று இருக்கும் குடும்பம் ஒரு மருத்துவச் செலவில் தத்தளிப்பதும் இதே கணக்குதான். விரிவுரையில் சொன்னால் தலையாட்டுவார்கள். பலகையில் நடந்தால் சத்தம் போடுவார்கள்.

இதிலிருந்து ஒரு பழக்கத்தை வருவிக்கலாம். வீடு கட்டுவதற்கு முன், தன் காயிலிருந்து இரண்டாவது கட்டம் முதல் பன்னிரண்டாவது கட்டம் வரை பார்த்து, அங்கே இருக்கும் மிகப்பெரிய வாடகையை எழுதவேண்டும். கட்டியபின் மிஞ்சும் அவசர மதிப்பு அதைவிடக் கூடுதலாக இருந்தால் கட்டலாம். 300 செலவில் மூன்று வீடு கட்டினால் அவசர மதிப்பு 150 குறையும் என்ற கணக்கு அதற்குள் வந்துவிடும். அவசர நிதி எவ்வளவு வேண்டும் என்பதை ஆபத்தின் அளவிலிருந்து கணக்கிடும் பயிற்சி இது. "கொஞ்சம் சேர்த்து வை" என்ற பொத்தாம்பொதுவான அறிவுரையைவிட எவ்வளவோ மேல்.

மூன்றாவது வீடு

மனைப் பத்திரத்தின் முகப்பில் இருக்கும் வாடகைப் பட்டியல் நல்ல பாடப்பொருள். 180 விலையுள்ள ஆரஞ்சு மனையை எடுத்துக்கொண்டால்: வெறும் மனைக்கு 14, ஒரே நிறம் முழுதும் கையில் இருந்தால் இரட்டிப்பாகி 28, பிறகு வீடு கூடக்கூட 70, 200, 550, 750, ஹோட்டலுக்கு 950. ஒவ்வொரு படிக்கும் செலவு அதே 100. கூடுதல் வருமானம் மட்டும் 42, 130, 350, 200, 200 என்று மாறுகிறது. மூன்றாவது வீட்டுக்குக் கிடைக்கும் பலன் வேறு எந்தப் படியிலும் இல்லை. ஒரே மனையில் ஹோட்டல் வரை ஏற்றிவிடலாம் என்று ஆசைப்படுபவரைச் சமமாகக் கட்டவேண்டும் என்ற விதி தடுக்கிறது. ஆகவே மொத்த நிறத்தையும் மூன்று வீடு வரை கொண்டுபோக எவ்வளவு தேவை என்று கணக்கிடுவதே சரியான கேள்வி. அடுத்து போடும் பணத்துக்கு அடுத்து என்ன வரும் என்று கேட்கும் பழக்கம் இங்கே உருவாகும்.

கணித ஆசிரியர் கூட இருந்தால் நிகழ்தகவையும் கோர்க்கலாம். சிறைக் கட்டம் பத்தாவது எண்ணில் இருக்கிறது. ஆரஞ்சு மனைகள் 16, 18, 19இல். சிறையிலிருந்து கிளம்புபவர் இரண்டு பகடையில் 6, 8, 9 போட்டால் அங்கே நிற்பார். 36இல் 14 வாய்ப்புகள். மலிவான அந்த மனைகளை அனுபவசாலிகள் ஏன் துரத்துகிறார்கள் என்பதற்கு இதுவே விடை.

வட்டி என்ற பெயரில் ஒரு கட்டணம்

இனி குறைகள். 200 மனையை அடகு வைத்தால் 100 கிடைக்கும், மீட்க 110. அடுத்த சுற்றிலேயே மீட்டாலும் 110, இருபது சுற்று கழித்து மீட்டாலும் 110. காலம் இதில் இல்லவே இல்லை. புத்தகம் வட்டி என்று சொன்னாலும் இது ஒருமுறைக் கட்டணம்தான். கடனைத் தள்ளிப்போடுவதால் எந்த நஷ்டமும் இல்லை என்ற எண்ணத்தோடு மாணவர் எழுந்து போனால், வகுப்பு நடக்காமல் இருந்திருப்பதே நல்லது.

இதைத் திருத்துவது எளிது. மீட்கப்படாத ஒவ்வொரு அடமானத்துக்கும் மூன்று சுற்றுக்கு ஒருமுறை, நிலுவைத் தொகையில் 10 சதவீதம் கடன் பத்தியில் ஏறவேண்டும். மீட்கும்போது புத்தகம் கேட்கும் 10 சதவீதம் தனியாக வேண்டாம். 100 கடன் 110, 121, 133, 146, 161 என்று போகும். தனிவட்டியாக இருந்தால் ஐந்தாம் முறை 150தான். அந்த 11 எங்கிருந்து வந்தது என்று தாங்களே கண்டுபிடிக்கட்டும். ஏழாம் முறை 195ஐ நெருங்கி, எட்டாம் முறை 214 ஆகும். 72ஐ வட்டி விகிதத்தால் வகுத்தால் இரட்டிப்பாகும் காலம் தெரியும் என்ற குறுக்குவழியை அப்போது சொன்னால் ஒட்டிக்கொள்ளும்.

ஏன் மூன்று சுற்று? பலரும் "தொடக்கக் கட்டத்தைத் தாண்டும்போது வட்டி" என்றுதான் முதலில் யோசிப்பார்கள். அது நடக்காது. பகடையின் சராசரி 7. பலகையை ஒருமுறை வலம்வர ஆறு உருட்டல் போலத் தேவை. ஐந்து பேர், கணக்கு எழுதுவதையும் சேர்த்து ஆளுக்கு முக்கால் நிமிடம் என்றால் ஒரு சுற்றுக்கு நான்கு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. 90 நிமிடத்தில் 24 சுற்று, அதாவது நான்கே வலம். நான்கு முறை வட்டி போட்டால் கூட்டு வட்டியின் வளைவு கண்ணுக்குத் தெரியாது. மூன்று சுற்றுக்கு ஒருமுறை என்றால் எட்டு முறை கிடைக்கும், இரட்டிப்பாவதைப் பார்த்துவிடலாம்.

அடகில் இருக்கும் மனையைக் கைமாற்றும்போது ஒரு பொறி உண்டு. புத்தகப்படி, வாங்குபவர் வாங்கிய உடனே 10 சதவீதம் கட்டவேண்டும்; உடனே மீட்காமல் பிறகு மீட்டால் இன்னொருமுறை 10 சதவீதம். மேலே சொன்ன 200 மனைக்கு இது மொத்தம் 120. நமது வட்டி விதியைச் சேர்க்காத முதல் ஆட்டத்தில் இதை அப்படியே வைத்திருங்கள். மலிவாகக் கிடைத்தது என்று மகிழ்ந்தவர் முகம் மாறுவது நல்ல பாடம். ஒரு சொத்தோடு அதன் கடனும் வரும்.

பணவீக்கத்துக்குத் தனி ஏற்பாடு அதிகம் வேண்டாம். ஒவ்வொரு வலத்துக்கும் ஆளுக்கு 200 புதிதாக மேசைக்கு வருகிறது. வங்கி திவாலாகவே ஆகாது. தாள் தீர்ந்தால் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுக்கலாம் என்று விதிப்புத்தகமே அனுமதிக்கிறது. அச்சிட்ட விலை மட்டும் அப்படியே நிற்கிறது. ஆகவே விலைவாசி தெரியவேண்டுமானால் ஏலத்திலும் மாணவர்களுக்குள் நடக்கும் கைமாற்றிலும் பாருங்கள். ஒரு மேசையில் நடுக்குவியல் விதியோடும் இன்னொரு மேசையில் அது இல்லாமலும் ஆடவிட்டு, ஒரே நிற மனை என்ன விலைக்குக் கைமாறியது என்று ஒப்பிடலாம்.

மூன்றாவது அளவுகோலில் விளையாட்டு தோற்றுவிடுகிறது, ஒட்டுப்போடவும் வழியில்லை. ஒரே நிறத்தில் எல்லாவற்றையும் கொட்டுபவர்தான் ஜெயிக்கிறார். எட்டு நிறத்திலும் ஒவ்வொன்று வாங்கி வைத்தவர் நிச்சயம் தோற்பார். ஒருவர் வெல்ல மற்றவர் எல்லோரும் ஒழியவேண்டும் என்ற அமைப்பும் முதலீட்டைப் பற்றித் தவறான படத்தையே தரும். இது தற்செயல் இல்லை. எலிசபெத் மேகி 1904இல் காப்புரிமை பெற்ற நில உரிமையாளர் விளையாட்டு, நிலம் ஒருசிலர் கையில் குவிவதன் கேட்டை விளக்கவே உருவானது. அதிலிருந்து கிளைத்த வடிவத்தைத்தான் பார்க்கர் பிரதர்ஸ் 1935இல் வெளியிட்டது. எச்சரிக்கையாகப் பிறந்ததை முதலீட்டு ஆலோசனையாக வகுப்பில் விற்கக்கூடாது. இந்த இடத்தில் ஆட்டத்தை நிறுத்தி, "உண்மையில் இப்படி ஒரே இடத்தில் போட்டால் என்ன ஆகும்?" என்று கேட்டு விளக்குவதுதான் ஒரே வழி.

இன்னொரு ஓட்டை: அன்றாடச் செலவு. ஆசைக்கும் தேவைக்கும் இடையே தேர்ந்தெடுக்கவேண்டிய தருணம் ஒன்றுகூட இந்தப் பலகையில் இல்லை. வரவு செலவுத் திட்டம் போடக் கற்பிக்க வேறு கருவி தேடுங்கள். காஷ்ஃப்ளோ என்ற விளையாட்டில் ஒவ்வொருவரும் ஒரு தொழிலை எடுத்து, சம்பளம், செலவு, சொத்து, கடன் என்று தாள் நிரப்பவேண்டும். அந்த வகையில் அது மேல். ஆனால் தாள் நிரப்பவே ஒரு பாடவேளை ஓடிவிடும்.

வகுப்பில் நடத்தும் முறை

ஒரு பெட்டிக்கு ஆறு பேர்: ஐந்து பேர் ஆட, ஒருவர் வங்கியாளர் மட்டும். வங்கியாளரும் ஆடினால் கணக்கு குழம்பும், சண்டையும் வரும். நேரம் குறைவு என்பதால் சில பதிப்புகளின் புத்தகத்திலேயே உள்ள குறுக்கு வழியை எடுத்துக்கொள்ளுங்கள்: மனைப் பத்திரங்களைக் கலைத்து ஆளுக்கு இரண்டு கொடுத்து, அச்சிட்ட விலையை உடனே வங்கிக்குக் கட்டச்சொல்லவேண்டும். கணக்குத்தாளின் முதல் பதிவும் அங்கேயே கிடைத்துவிடும்.

ஒரு பாடவேளையில் முடியாது, இரண்டு வேண்டும். இடையில் நிறுத்தும்போது ஆளுக்கு ஓர் உறை: பணம், பத்திரங்கள், தாள். காய் நிற்கும் கட்டத்தையும் வீடுகளின் எண்ணிக்கையையும் தாளில் எழுதி, பலகையைப் படம் எடுத்து வைத்தால் மறுநாள் ஐந்து நிமிடத்தில் தொடங்கலாம். உறையில் உள்ள ரொக்கமும் தாளின் இருப்பும் ஒத்துப்போகாவிட்டால், தொடங்கும் முன்பே பிழையைத் தேடச்சொல்லுங்கள். பெரும்பாலும் சம்பளம் 200 எழுத விட்டுப்போயிருக்கும்.

திவாலானவர் அரைமணி நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தால் வகுப்பே கெடும். அவரைத் தணிக்கையாளர் ஆக்குங்கள். மற்றவர் தாள்களைச் சரிபார்ப்பது அவர் வேலை. ஆடுவதைவிட அதில் அதிகம் கற்பவர்களும் உண்டு.

மாணவர்களுக்குள் கடன் கொடுப்பதைப் புத்தகம் தடுக்கிறது. முதல் ஆட்டத்தில் தடையை அப்படியே வைத்திருங்கள். இரண்டாம் ஆட்டத்தில் அனுமதிக்கலாம், எழுத்தில் இருந்தால் மட்டும்: அசல், வட்டி, எந்தச் சுற்றில் திருப்புவது, எதை ஈடாக வைப்பது. நான்கில் ஒன்று விட்டுப்போனால் வங்கியாளர் கையெழுத்துப் போடக்கூடாது. வாய்வார்த்தைக் கடன் எப்படி முடியும் என்பதை ஒரு மேசையில் பார்த்தால் போதும்.

முடிவில் வென்றவரை அறிவிக்கும்போது ஏட்டு மதிப்பில் முதலிடம், அவசர மதிப்பில் முதலிடம் என்று இரண்டையும் சொல்லுங்கள். பெரும்பாலும் இருவர் பெயர் வரும்.

எந்தப் பதிப்பு?

காகிதப் பணம் உள்ள சாதாரணப் பதிப்பையே வாங்குங்கள். அட்டையைக் கருவியில் தேய்க்கும் மின்னணு வங்கிப் பதிப்பு வேகமானது, ஆனால் கூட்டல் கழித்தலைக் கருவி செய்துவிடுகிறது. பணம் கைவிட்டுப் போகும் உணர்வும் போய்விடுகிறது. ஜூனியர் பதிப்பு சிறு குழந்தைகளுக்கு, இந்த வயதினருக்கு ஆகாது.

பழைய பெட்டி கிடைத்தால் விடாதீர்கள். இப்போதைய பதிப்பில் வருமான வரிக் கட்டம் நேராக 200 கேட்கும். 2008க்கு முந்தைய அமெரிக்கப் பலகைகளில் மொத்தச் சொத்தில் 10 சதவீதம் அல்லது 200 என்று தேர்வு உண்டு. எண்ணிப் பார்ப்பதற்கு முன்பே முடிவைச் சொல்லிவிடவேண்டும். சமநிலைப் புள்ளி 2000. தொடக்கத்தில் எல்லோரிடமும் 1500தான், மனை வாங்குவதால் அது மாறுவதில்லை; ஆகவே முதல் வலத்தில் 10 சதவீதமே லாபம். கணக்குத்தாளை ஒழுங்காக எழுதுபவருக்கு விடை கையிலேயே இருக்கும். புதிய பதிப்பு வைத்திருப்பவர்கள் அந்தக் கட்டத்தின்மேல் பழைய விதியை ஒரு சீட்டில் எழுதி ஒட்டிக்கொள்ளலாம்.

பழைய பெட்டியில் முதலில் எண்ணவேண்டியது வீட்டுக் கட்டைகள். 32 இருக்கவேண்டும், குறைந்தால் எதையாவது வைத்து நிரப்பிவிடுங்கள், கூட்டிவிடாதீர்கள். கட்டை தீர்ந்தால் யாரும் கட்டமுடியாது என்பது விதி. எட்டு மனைகளில் நான்கு நான்காக வீடு வைத்து ஹோட்டலுக்கு மாற்றாமல் இருந்தால் 32ம் தீர்ந்துவிடும். அதைக் கண்டுபிடிக்கும் மாணவர் ஒவ்வொரு வகுப்பிலும் ஒருவராவது இருப்பார். அடுத்து 28 பத்திரங்கள், சான்ஸ், கம்யூனிட்டி செஸ்ட் என்ற இரண்டு சீட்டுக் கட்டிலும் 16 வீதம் 32. பணத்தாளில் 1, 5 மதிப்புள்ளவை கிழிந்திருந்தால் கவலை வேண்டாம், வெள்ளைத்தாளில் வெட்டிக்கொள்ளலாம். விதிப்புத்தகம் தொலைந்திருந்தால் மட்டும், வகுப்பைத் தொடங்கும் முன் அதே பதிப்பின் புத்தகத்தைத் தேடி அச்செடுத்து மேசைக்கு ஒன்று வையுங்கள்.